வெளியே போன பந்து

சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் ‘டிங்’ என்றது. புளிக் கையோடு எடுத்துப் பார்த்தால்... தேசம்மா! வாய்ஸ் மெசேஜ்!

ஒரு மாதமாக என்னோடு பேசாத பெண். நான் போட்ட போனையெல்லாம் எடுக்காத பெண். ‘குட் மார்னிங்’ அனுப்பினால்கூடப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த பெண். இப்போது அவளாகவே பேசியிருக்கிறாள். திறந்து கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அப்படியே நின்றேன்.

“என்ன, லாட்டரி விழுந்துடுச்சா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு எதிலும் கிண்டல்தான்.

தேசம்மா யார், என் மேல் அவளுக்கு என்ன கோபம், அந்த மெசேஜில் என்ன இருந்தது... எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். என் வாசகர்களுக்குப் பொறுமை உண்டு, எனக்குத்தான் கிடையாது.

பொங்கல் முடிந்த கையோடு சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி போன் செய்தாள். ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறாள்.

“நெம்மேலி பக்கத்துல ஒரு குப்பத்துல வளரிளம் பெண்களுக்காக ஒரு சென்டர் நடக்குது. சாயந்திரம் வாலிபால், அப்புறம் டியூஷன், வாரத்துல ஒருநாள் உடம்பு, ஆரோக்கியம் பத்தி கிளாஸ். பணம் குடுக்கறவங்க மதிப்பீடு செய்ய ஆள் அனுப்பறாங்க. அந்தப் பையனுக்குத் தமிழ் கொஞ்சம் தகராறு. நீதான் செங்கல்பட்டுல சும்மா இருக்கியே... கூடப் போயேன்.”

சும்மா இருக்கிறேனாம்! வாராவாரம் உங்களுக்கு எழுதுவதெல்லாம் இவள் கண்ணில் வேலையாகவே படவில்லை. அந்தக் கடுப்போடுதான் சம்மதித்தேன்.

அந்தப் பையன் பெயர் பிரணவ். பெங்களூரு. தமிழ் புரியும், பேசினால் தடுக்கும். என் மகன் வயதுதான், அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். வேனில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். திருப்போரூர் வருவதற்குள் அந்தத் திட்டம் முழுவதையும் எனக்கு விளக்கிவிட்டான். இருபது வயதுக்குள் ஒரு பெண்கூடத் தாயாகக் கூடாது, படிப்பை முடிக்க வேண்டும். அதுதான் நோக்கம்.

நல்ல நோக்கம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நடந்ததை எண்ணலாம், சரி. நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது? வராத காய்ச்சலுக்கு எந்தக் கஷாயத்தைப் பாராட்டுவது?

கேட்டேன். “குட் கொஸ்டின் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் விடை தெரியவில்லை, பாவம்.

சென்டர் என்பது புயல் பாதுகாப்பு மையத்தின் கீழ்த்தளம். புயல் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடந்த கட்டடத்தை ஊர்ப் பெரியவர்களிடம் பேசி வாங்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய அறை. வெளியே மணலில் வாலிபால் கோர்ட். சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மீன் ஏலக்கூடம்... காலையில் காது கிழியும், சாயந்திரம் ஈ காக்கை இருக்காது. நடுவில் கட்டியிருந்த நெட் பழைய மீன் வலை. கடைக்காரன் விற்கும் நெட்டைவிட உறுதியாக இருந்தது!

தேசம்மாதான் அங்கே கோச், டீச்சர், வாட்ச்மேன், எல்லாம். அதே குப்பத்துப் பெண். கல்லூரி டீமில் வாலிபால் ஆடியவள். கழுத்தில் விசில், குரலே இன்னொரு விசில். “அடியே, மேடம் வந்துக்கீறாங்க, ஒயுங்கா நில்லுங்கடீ!” என்று அவள் போட்ட சத்தத்தில் நானும் நேராக நின்றுவிட்டேன்.

முதலில் கேள்விகள். பிரணவ் ஆங்கிலத்தில் படிப்பான், நான் தமிழாக்க வேண்டும். ‘உன் உடல் மீது உனக்கு முடிவெடுக்கும் உரிமை இருப்பதாக உணர்கிறாயா?’ என்று ஒரு கேள்வி. இதை எப்படியம்மா தமிழில் கேட்பது? “உன் உடம்பு விஷயத்துல யாரு முடிவெடுக்கறாங்க? நீயா, வேற யாராவதா?” என்று கேட்டேன்.

ஹரிணி என்று ஒரு பெண், டீம் கேப்டன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“தேசம்மாக்காதான் மேடம். ஒடம்பு சரியில்லன்னாகூட லீவு குடுக்காது.”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தேசம்மா முறைத்தாள். பிரணவ் எதையோ டிக் செய்தான். எதை என்று கேட்கவில்லை.

பிறகு முக்கியமான கேள்வி. சென்டர் ஆரம்பித்ததிலிருந்து எத்தனை பெண்கள் கர்ப்பமானார்கள்? தேசம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்ல மேடம். பூஜ்யம்.”

சொல்லும்போது விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிரணவ் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் ஏதோ உறுத்தியது.

அடுத்து ஆட்டம். விருந்தாளிகளுக்காக ஒரு மேட்ச். நாங்கள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். என்னமாய் ஆடினார்கள் தெரியுமா! மணலில் விழுந்து புரண்டு எழுகிறார்கள். ஹரிணி அடித்தால் பந்து இடிபோல விழுகிறது. கைதட்டி எனக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது.

ஆனால் ஒன்று. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து யாராவது ஒருத்தி பந்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறாள். எப்போதும் அதே சுவர். எப்போதும் அதே மூலை. கொஞ்ச நேரம் எல்லோரும் நிற்பார்கள். யாரும் எடுக்கப் போவதில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பந்து சுவருக்கு மேல் உயர எழும்பி, அழகாக வளைந்து, சர்வீஸ் போடுபவளின் காலடியில் வந்து விழும்.

மறுபடி ஆட்டம். மறுபடி பந்து வெளியே. மறுபடி அதே காலடியில்.

பிரணவ் டேப்லெட்டில் தட்டுவதை எட்டிப் பார்த்தேன். ‘விளையாட்டுத் திறன்: ஆர்வம் அதிகம், பந்துக் கட்டுப்பாடு குறைவு.’

அடப் பாவி!

“அந்தப் பக்கம் யாரு?” என்று தேசம்மாவைக் கேட்டேன்.

“சின்னப் பசங்க மேடம். ஆடிகினு இருக்கும்.”

சின்னப் பசங்களா? பார்க்காமலே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சொல்லி வைத்தாற்போல ஒரே இடத்தில் போடுகிற சின்னப் பசங்களை எனக்கும் காட்டுங்களேன்! “கால் மரத்துப் போச்சு, ஒரு நடை நடந்துட்டு வரேன்” என்று எழுந்தேன். தேசம்மா, “மேடம், வெயிலு...” என்றாள். மணி ஐந்தரை. நான் நின்றால்தானே?

கேட்டைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு ஏலக்கூடத்துக்குள் போனேன்.

மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நைட்டி, மேலே ஒரு துண்டு. மடியில் விரித்த பொருளியல் புத்தகம். புத்தகத்துக்குக் கீழே வயிறு... ஏழாம் மாதம் இருக்கும். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து துண்டை இழுத்து வயிற்றை மூடினாள்.

“உக்காரும்மா, உக்காரு. பந்து போட்டது நீதானா?”

தலையாட்டினாள். என் வாய் சும்மா இருக்குமா? “பிள்ளைத்தாச்சி பந்து அடிக்கலாமா? என்ன பொண்ணு நீ!”

“டாக்டரம்மா நட, குனி, நிமிரு, எல்லாம் பண்ணுன்னாங்க மேடம். குதிக்கத்தான் கூடாதுன்னாங்க. நான் குதிக்கறதில்ல. அண்டர் ஆர்ம் சர்வீஸுதான்.”

பெயர் பவித்ரா. பத்தாவதில் ஒருமுறை கோட்டை விட்டதால் ஒரு வருஷம் பின்தங்கி, இப்போது பிளஸ் டூ. பதினெட்டு முடிந்த பிறகு கல்யாணம். அவளாகவே பண்ணிக்கொண்டது.

“இன்னா அவசரம் ஒனக்குன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டுட்டாங்க. வூட்ல மாப்ள பாத்துகினு இருந்தாங்க மேடம். மொகம் தெரியாத எவனுக்கோ கட்டி வெக்கறதுக்கு முன்ன, தெரிஞ்சவனக் கட்டிக்கினேன். படிக்கலாம்னு சொன்னான். அதான்.”

“சரி... இங்கே கிளாஸ்ல எல்லாம் சொல்லித் தந்தாங்களே? குழந்தையைத் தள்ளிப் போடறது பத்தி?”

பவித்ரா சிரித்தாள். குழந்தை மாதிரிச் சிரிப்பு.

“எல்லாந் தெரியும் மேடம். பரீட்ச வெச்சா நூத்துக்கு நூறு எடுப்பேன். ஆனா இங்க கீறது ஒரே ஒரு மெடிக்கலு. அதுல ஒக்காந்துகினு கீறவரு எங்க சித்தப்பா. அவராண்ட போயி இன்னான்னு கேக்கறது?”

எத்தனை பாடம், எத்தனை படம் போட்ட அட்டை, எத்தனை பயிற்சி! கடைசியில் எல்லாம் ஒரு சித்தப்பாவின் மருந்துக் கடை வாசலில் வந்து நின்றுவிட்டது. இதைக் கேட்க அந்த டேப்லெட்டில் ஒரு கேள்வி இருந்ததா? இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

“உள்ளே வராம இங்கே ஏன் உக்காந்திருக்கே?”

“கல்யாணமானா சென்டர்ல பேரு எடுத்துருவாங்க மேடம். ரூலு. மீறி உள்ள வுட்டா, எல்லாருக்கும் சேத்து பணம் நின்னுடும்னு பயம். அதான் அக்கா வேணாங்குது. ஜன்னலு இந்தப் பக்கம் கீதுல்ல, டியூஷன் நடக்கறப்ப பாதி கேக்கும். காத்து அடிச்சா அதுவும் கேக்காது.” புத்தகத்தைத் தடவினாள். “மார்ச்சுல பரீட்ச. ஸ்கூல்ல எழுதலாம்னு சொல்ட்டாங்க. ஏப்ரல்ல பாப்பா. ரெண்டும் பாஸாவணும் மேடம்.”

“வீட்டுல படிக்கலாமே?”

“மாமியா வூடு ஒத்த ரூமு. டிவி ஓடிகினே கீது.”

இப்போது புரிந்ததா, பூஜ்யம் எப்படி வந்தது என்று? கல்யாணமானால் பெயர் போய்விடும். பெயர் போன பிறகு கர்ப்பமானால் அது சென்டரின் கணக்கிலேயே வராது. தேசம்மா சொன்னது பொய்யே இல்லை! விதிப்படி அது சுத்தமான பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு வெளியே, மீன் நாற்றத்தில், இந்தப் பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே ஏதோ அசைந்தது. நிமிர்ந்தால் சுவரின் மேல் ஹரிணியின் தலை.

“மேடம், அக்காவத் திட்டாதீங்க. பவித்ரா உள்ள வரக் கூடாதுன்னுதான் சொல்லிச்சி. பந்து வெளிய போவக் கூடாதுன்னு சொல்லல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டுமென்றே அடித்திருக்கிறார்கள்! பாயின்ட் போனாலும் பரவாயில்லை என்று, தினமும், முறை வைத்து, அவளுக்காக ஒரு பந்து. டீமிலேயே நல்ல சர்வீஸ் போடுகிறவளுக்கு ஆட்டத்தில் ஒரு பங்கு. பெரியவர்கள் நாங்கள் போட்ட விதியில் ஓட்டை தேடவில்லை அந்தப் பிள்ளைகள். சுவருக்கு மேலே இடம் இருந்தது, அவ்வளவுதான்.

மூச்சு வாங்க தேசம்மா வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்தாள், பவித்ராவைப் பார்த்தாள், அப்படியே தூணில் சாய்ந்துவிட்டாள்.

“ஒனக்குத் தெரியுமா தேசம்மா, இவங்க வேணும்னே அடிக்கறாங்கன்னு?”

“தெரியும் மேடம். அந்தப் பந்து போனா மட்டும் நான் விசில் ஊதறதில்ல.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுதிடாதீங்க மேடம். ஒரு புள்ளக்காக மத்த புள்ளைங்க பொயப்பு போயிடும். சென்டர மூடினா, அடுத்த மாசமே ஒவ்வொண்ணுக்கா மாப்ள பாக்க ஆரம்பிச்சிருவாங்க. நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. நாங்க இங்கயேதான கீறோம்?”

அவள் சொன்னது நியாயம். பவித்ரா இருந்த இடம் அநியாயம். இரண்டுக்கும் நடுவில் நான் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஆளைக் காணோமே என்று பிரணவும் வந்துவிட்டான்.

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். கையிலிருந்த டேப்லெட்டைத் தாழ்த்தினான். பவித்ராதான் பேசினாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறைக்காமல் நேராக நின்றாள்.

“சார், என்னப் பத்தி எழுதிக்கோங்க. ஆனா சென்டர மூடிடாதீங்க. அதுங்க எல்லாம் நல்லா ஆடுதுங்க. நல்லா படிக்குதுங்க. நான் ஒருத்திதான் பெயிலு.”

பெயிலாம்! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. “யாருடி பெயிலு? இன்னொரு தடவ சொன்னே, அறைஞ்சிடுவேன்!” என்று கத்திவிட்டேன். முன்பின் தெரியாத பெண்ணைப் போய்! அவள் என்னைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தாள்.

பிரணவ் மீன் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். பளபளவென்று தேய்த்த பேன்ட். செதில் ஒட்டியது, கவலைப்படவில்லை. தடுக்கித் தடுக்கித் தமிழில் கேட்டான்.

“உனக்கு... இப்போ... என்ன வேணும்?”

அன்றைக்கு அவன் கேட்ட கேள்விகளிலேயே எழுதி வைக்காமல் கேட்டது அது ஒன்றுதான். என் மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

“உள்ள ஒக்காந்து படிக்கணும் சார்” என்றாள் பவித்ரா.

அவன் வாக்குக் கொடுக்கவில்லை. “நான் முடிவு செய்ய முடியாது. ஆனா எழுதுவேன்” என்றான். ‘எழுதுவேன்’ என்ற சொல்லைக் கேட்டதும் தேசம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்போது வழியனுப்பக்கூட வரவில்லை.

திரும்பும் வழியில் வேனில் எங்களுக்குள் ஒரு சண்டை. பூஜ்யமே இருக்கட்டும், ஊரைக் கெடுக்காதே என்று ஒரு நேரம் நானே சொன்னேன். அடுத்த வளைவில், ஒன்று என்றே எழுது, மறைத்தால் அடுத்த பெண்ணும் இதே சுவருக்கு வெளியேதான் உட்காருவாள் என்று நானே சொன்னேன். பையன் பொறுமையாகக் கேட்டான்.

“ஆன்ட்டி, ‘ஒன்று’ன்னு எழுதினா, படிக்கறவங்க ‘தோல்வி’ன்னு படிப்பாங்க. அதான் பிரச்சினை.”

“அப்போ ஒன்றுன்னு மட்டும் எழுதாதே. அந்த ஒருத்தி இப்போ எங்கே இருக்கா, தினமும் யார் அவளுக்குப் பந்து அனுப்பறாங்க, எதுக்கு வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்திருக்கா... அதையும் எழுது. அந்த மருந்துக் கடையையும் சேத்து எழுது.”

“அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்லையே.”

“பின்பக்கம் இருக்குல்ல?”

“டேப்லெட்டுக்குப் பின்பக்கம் இல்லை ஆன்ட்டி.”

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் எழுதி, அதைப் படித்து, அவர்கள் சென்டரை மூடிவிட்டால்? ஹரிணியின் அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டால்? நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நடுவில் புகுந்து, ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் நெட்டை அறுத்துவிட்டேனா?

தேசம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி முழுக்க, காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் மார்ச் நெருங்குகிறதே என்றுதான் தோன்றும். எங்கேயோ காற்றில் பாதி பாடம் பறந்துபோகிறதே என்று தோன்றும்.

பிரணவிடம் கேட்டால், “அனுப்பிட்டேன் ஆன்ட்டி, வெயிட் பண்றேன்” என்பான். பந்துக் கட்டுப்பாடு குறைவு என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டானாம். அதன் இடத்தில் என்ன எழுதினாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறான்.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஒரு பெண் விழாமல் இருந்தால் நம் திட்டத்துக்கு வெற்றி என்கிறோம். சரி, விழுந்தால்? அவளை யார் தூக்கினார்கள் என்று ஏன் எண்ணுவதில்லை? விழாத பிள்ளைகளைப் பெற்ற புண்ணியவதி யாராவது இந்த ஊரில் இருந்தால் முன்னே வரட்டும்.

இப்போது அந்த வாய்ஸ் மெசேஜ். புளிக் கையோடு நின்றேன் என்றேனே... எங்கள் வீட்டுக்காரர்தான் பொறுக்க முடியாமல் போனை வாங்கி அழுத்தினார். பின்னணியில் ஒரே கூச்சல், விசில் சத்தம். அதற்கு மேலே தேசம்மாவின் குரல்.

“மேடம், கோச்சிக்கினு இருந்தது வாஸ்தவந்தான். மனசுல வெச்சிக்காதீங்க. சென்டரு இன்னும் ஒரு வருஷத்துக்கு நடக்குமாம். அப்புறம் வந்து பாப்பாங்களாம். அந்த ரூல எடுத்துட்டாங்க மேடம்! கல்யாணமானா இன்னா, கைப்புள்ள இருந்தா இன்னா, படிக்கணும்னு வந்தா உள்ள வுடலாம்னு சொல்ட்டாங்க. மெடிக்கலு விஷயத்துக்கு இன்னும் ஒரு வயியும் தெரியல, அது கெடக்கட்டும். பவித்ரா வந்துட்டா மேடம். சேர் போட்டு ஒக்காந்துகினு, எங் கயுத்துல கெடந்த விசில வாங்கி அவதான் ஊதிகினு கீறா. கேட்டா குடுக்க மாட்டேங்கறா. டியூஷன்ல மொதோ பெஞ்சு அவளுக்குத்தான்...”

நான் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புளிக் கை! எரிச்சலில் உயிர் போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் முதன்முறையாகக் கிண்டல் செய்யாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெசேஜ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“...அப்புறம் மேடம், அந்த சாராண்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. இப்பல்லாம் பந்து வெளிய போறதே இல்ல.”